கடைப் பெயருக்குக் கைச்சாயல் எழுத்து: வேலூரில் தேர்ந்தெடுப்பது முதல் பலகை ஏற்றுவது வரை

வேலூரில் புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்கும், வீட்டில் செய்த பண்டத்தைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வாடகை பேசியாகிவிட்டது, பெயரும் வைத்தாகிவிட்டது. அந்தப் பெயரை எந்த எழுத்தில் போடுவது என்ற கட்டத்தில் நிற்கிறீர்கள். இணையத்தில் ஏதோ ஒரு எழுத்துருவைப் பார்த்து மனசு போயிருக்கும். கொழுகொழுவென்று, ஓரமெல்லாம் வழுவழுத்து, யாரோ தூரிகையால் ஆசையாக எழுதியது மாதிரி. கைச்சாயல் எழுத்து என்று நான் சொல்வது இதைத்தான். அதைப் போனில் காட்டினால் டிசைன் கடையில் “இதே மாதிரி எங்ககிட்டயும் கீது சார்” என்பார்கள். அச்சாகி வருவது வேறு எழுத்தாக இருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. கேட்டால் “ரெண்டும் ஒண்ணுதானே” என்றார்கள். முன்பணத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. எந்த எழுத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஆங்கில எழுத்தில் கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு கால் வைத்திருந்தால் அது செரிஃப். அதிலேயே பெரிதாகப் போடுவதற்கென்று வரைந்தது டிஸ்ப்ளே வகை, அதாவது தலைப்பெழுத்து. பத்தி பத்தியாகப் படிப்பதற்கு ஆகாது. நாலைந்து சொல்லுக்கு மேல் தாங்காது. இந்தத் தலைப்பெழுத்திலும் கைச்சாயல் உள்ளது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெரிதாக்கிப் பாருங்கள். கோடு நேராக இறங்காமல் நுனியில் லேசாகப் பருத்திருக்கும். கால், கோட்டில் ஒட்டவைத்தது போல் இல்லாமல் வளைந்து கலந்திருக்கும். ஆங்கில ஓ-வின் மெலிந்த பாகம் நட்டநடுவில் இல்லாமல் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். சின்ன ஆர், சின்ன ஏ ஆகியவற்றின் முனையில் மைத்துளி தேங்கியது போல ஒரு உருண்டை இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கண்ணுக்குப் பழகியது கூப்பர் பிளாக். விண்ட்சர், சூவனிர் இரண்டும் அதன் உறவுக்காரர்கள். இப்போது காபி கடை, பேக்கரிப் பெட்டிகளில் அதிகம் தென்படுவது ரெக்கோலெட்டா. காசில்லாமல் கிடைப்பதில் என் தேர்வு ஃப்ரான்சஸ். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் உள்ளது. அதில் கனத்தை, அதாவது கோட்டின் தடிமனை மாற்றலாம், ஓரத்தின் மென்மையைக் கூட்டிக் குறைக்கலாம், ‘வாங்க்’ என்று ஒரு விசையும் உண்டு. அந்த விசையைப் போட்டால் சின்ன என், எம், ஹெச் எழுத்துகளின் கால் உள்பக்கமாகச் சாய்ந்து குறும்பாக நிற்கும். இனிப்புக் கடைக்கு அந்தக் குறும்பு அழகு. நகை அடகுக் கடைக்குப் போட்டால் அடகு வைக்க வருகிறவர் யோசிப்பார்.

2. உங்கள் வேலைக்கு இது பொருந்துமா?

பண்டம், துணி, கைவினைப் பொருள், கல்யாணப் பத்திரிகையின் மணமக்கள் பெயர், புத்தக அட்டை, பத்திரிகைத் தலைப்பு ஆகியவற்றுக்கு இந்த எழுத்து நன்றாக உட்காரும். ‘இது ஒரு ஆள் கைப்பட்டுச் செய்தது’ என்ற எண்ணத்தைப் பெயரிலேயே கொடுத்துவிடும். ஆற்காடு மக்கன் பேடாவுக்கோ ஆரணிப் பட்டுக்கோ அது பொய்யும் இல்லை.

மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம், லாட்ஜ், வழிகாட்டும் பலகை இவற்றுக்கு வேண்டாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் கையில் சீட்டை வைத்துக்கொண்டு பலகை பலகையாகத் தேடுவார்கள். அவர்களுக்கு எழுத்தின் அழகைவிட எழுத்து தெரிவதுதான் முக்கியம். அங்கே கடை போடுகிறவர் பெயரை மட்டும் வேண்டுமானால் இந்த எழுத்தில் போட்டுவிட்டு, என்ன கடை என்பதைச் சாதாரண எழுத்தில் போடுவது நல்லது.

விலைப்பட்டியல், முகவரி, ஜி.எஸ்.டி. எண், சேர்மானப் பட்டியல் எதையும் இதில் போடாதீர்கள். பொட்டலத்தில் எடை, விலை, தேதி போன்ற கட்டாய விவரங்களின் எழுத்து 1 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையக்கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. பொட்டலத்தின் அளவு கூடினால் எண்ணின் உயரமும் கூட வேண்டும். அவ்வளவு சின்னதாகப் போட்டால் தலைப்பெழுத்தின் மெல்லிய கோடுகள் அச்சில் காணாமலே போகும். எட்டு மூன்றாகத் தெரிந்தால் விலையில் சண்டை வரும்.

3. சொந்தப் பெயரை அடித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு இடத்தை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எழுத்துரு விற்கிறவர் காட்டும் மாதிரிப்படம் அந்த எழுத்துருவுக்கு எது நன்றாக வருமோ அந்தச் சொல்லில்தான் இருக்கும். உங்கள் பெயரில் இருக்கும் எழுத்துகள் அதில் எப்படி வருகின்றன என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. வாங்குவதற்கு முன்பே பெயரை அடித்துப் பார்க்கும் பெட்டி பெரும்பாலான தளங்களில் உண்டு.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் வேலூர் என்று அடித்தால் முதலில் பெரிய வி, அடுத்து சின்ன ஈ. வி-யின் சாய்வுக்கும் ஈ-யின் உருண்டைக்கும் நடுவே பள்ளம் விழும். நல்ல எழுத்துருவில் அந்த இடைவெளியை முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருப்பார்கள். மட்டமானதில் வி தனியாக, மீதிப் பெயர் தனியாக நிற்கும். அடுத்து இரண்டு எல் பக்கத்தில் பக்கத்தில். கையால் எழுதினால் இரண்டு எல்லும் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்காது. எழுத்துருவில் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ‘கைச்சாயல்’ என்பது அங்கேயே வெளுத்துவிடும். சில எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு மாற்று வடிவம் வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா என்று விவரப் பக்கத்தில் பாருங்கள். இருந்தால் ஒரு எல் எழுத்தை மட்டும் மாற்றிப் போடச் சொல்லலாம்.

பிறகு மூன்று சோதனை. பெயரை ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அச்சடித்து எதிர்ச் சுவரில் ஒட்டித் தெருவின் அந்தப் பக்கம் நின்று பாருங்கள். அதே பெயரை வாட்ஸ்அப் முகப்புப் படம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். கடைசியாக, உங்கள் கடைப் பெயரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தயங்கினார் என்றால் எழுத்துருவை மாற்றுங்கள். “கொஞ்ச நாள்ல பழகிடும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பழகும்வரை வாடகை யார் கொடுப்பது?

4. தமிழுக்கு ஜோடி தேடுங்கள்

ஆங்கிலத்தில் ஆசைப்பட்ட எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. ஃப்ரான்சஸிலும் இல்லை. அந்த இடத்தில் தமிழை அடித்தால் கணினி தன்னிடம் உள்ள ஏதாவது ஒரு சாதாரணத் தமிழ் எழுத்தைப் போட்டுவிடும். ஆங்கிலம் பட்டுச்சேலையும் தமிழ் நைட்டியுமாக நிற்கும் பலகைகள் ஊரில் ஏராளம். அதற்கு இதுதான் காரணம்.

காசில்லாமல் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களில் ஜோடி சேரக்கூடியவை சில. அரிமாவில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரைந்திருப்பதால் இரண்டையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம். முனைகள் மென்மையானவை, பத்திரிகைக்கு நன்றாக வரும். பலூ தம்பி தடியாகவும் உருண்டையாகவும் இருக்கும். கூப்பர் பிளாக் மாதிரி கொழுத்த ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழ் சோகையாகத் தெரியாமல் இருக்க இதைப் போடுங்கள். டிரோ தமிழ் பழைய அச்சுப் புத்தகத்தின் கம்பீரம் கொண்டது, கோட்டில் தடிப்பும் மெலிவும் உண்டு. ஆனால் ஒரே கனத்தில்தான் கிடைக்கும். நோட்டோ செரிஃப் தமிழில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை எல்லாக் கனமும் உண்டு. முகம் கொஞ்சம் உத்தியோகத்தனமாக இருந்தாலும் ஃப்ரான்சஸ் பக்கத்தில் கனத்தைச் சரியாகப் பொருத்த முடிவதால் நான் இதற்குத்தான் வந்து சேர்ந்தேன். கவிவாணர் சாய்ந்த கையெழுத்து. ஒரு வரிக்கு அழகு, பலகைக்கு மெலிவு.

அளவைப் பொருத்தும்போது இரண்டுக்கும் ஒரே புள்ளி எண்ணை (மென்பொருளில் கொடுக்கும் எழுத்தளவை) கொடுத்தால் சரியாக வராது. எண்ணை மறந்துவிட்டுக் கண்ணால் பொருத்துங்கள். தமிழ் ‘ப’-வின் உயரம் ஆங்கிலச் சின்ன எழுத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் பெரிய எழுத்தைவிடக் குறைவாகவும் இருந்தால் இரண்டும் ஒரே பருமனாகத் தெரியும்.

கவனிக்க வேண்டிய தமிழ் எழுத்துகள் சில உண்டு. ‘குடியாத்தம்’ என்று அடித்தால் கு-வின் சுழி கீழே இறங்கும், டி-யின் விலங்கு மேலே ஏறும். வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் விலங்கில் போய் இடிக்கும். ண, ஞ, ஐ மூன்றும் தடித்த எழுத்துருவில் உள்ளே அடைத்துக்கொள்ளும். புள்ளி சின்னதாக இருந்தால் தூரத்தில் தெரியாது, ‘மக்கன்’ ‘மககன’ ஆகிவிடும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் வசதியை ஆங்கிலத்துக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள், தமிழுக்கு வேண்டாம். கால் ஒருபக்கம், கொம்பு ஒருபக்கம் என்று எழுத்தே பிய்ந்துபோகும்.

5. உரிமத்தைப் படியுங்கள், பத்திரப்படுத்துங்கள்

எழுத்துரு என்பதும் ஒருவரின் உழைப்பு, அதற்கு உரிமம் உண்டு. ‘இலவசம்’ என்று போட்டிருப்பதெல்லாம் கடைக்கு இலவசம் ஆகாது. பல தளங்களில் சின்ன எழுத்தில் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருக்கும். கடைப்பலகை சொந்த உபயோகத்தில் சேராது.

கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கும் ஃப்ரான்சஸ், அரிமா, பலூ தம்பி, நோட்டோ, டிரோ எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. சுருக்கமாக ஓ.எஃப்.எல். பலகை, பெட்டி, இணையம் எதிலும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. எழுத்துருக் கோப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. இறக்கிய சிப் கோப்புக்குள் அந்த உரிமத்தின் உரை ஒரு கோப்பாகவே இருக்கும், அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் பார்க்க வேண்டியவை: எத்தனை கணினியில் நிறுவலாம், அச்சு, இணையத்தளம், செயலி மூன்றும் ஒரே விலையில் அடங்குமா, தனித்தனியா, அந்த எழுத்தில் செய்த சின்னத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாமா. கடைசிக் கேள்விக்குச் சில நிறுவனங்கள் தனி உரிமம் கேட்பதுண்டு. எல்லாக் கனமும் சேர்ந்த முழு எழுத்துருக் குடும்பத்தையும் வாங்காதீர்கள். தலைப்புக்கு ஒரு கனம் போதும், விலை பெரிய அளவில் குறையும். விலை பெரும்பாலும் டாலரில் இருக்கும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் போய்த் திறந்து, வாங்கியதும் மறுபடி மூடிவிடுங்கள். பில்லைக் கடையின் பெயரில் வாங்குங்கள். டிசைனர் பெயரில் இருந்தால் உரிமம் அவருக்குத்தான்.

டிசைனரே “என்கிட்ட இருக்கு, நான் போட்டுத் தரேன்” என்றால் உரிமத்தையும் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார் என்றால் திருட்டுப் பிரதி என்று வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை வந்தால் நோட்டீஸ் கடைக்காரருக்குத்தான் வரும்.

வணிகச் சின்னப் பதிவு பற்றி ஒரு வார்த்தை. பெயரை வெறும் சொல்லாகப் பதிவு செய்வது ஒன்று, எழுத்தின் வடிவத்தோடு படமாகப் பதிவு செய்வது இன்னொன்று. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சொல்லைப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு எழுத்துருவை மாற்றினாலும் அது நிற்கும். இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (பதிவில் பொருள்களைப் பிரித்திருக்கும் வகை) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்று போதும். அதற்குக் கட்டணம் இல்லை, “வாங்கித் தருகிறேன்” என்று காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். இனிப்பு, பேக்கரிப் பண்டங்களுக்கு 30-ஆம் வகுப்பு, ஆயத்த ஆடைக்கு 25. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

6. எழுத்துருவே வேண்டாம், ஆர்ட்டிஸ்டைக் கூப்பிடலாம் என்றால்

கைச்சாயல்தான் வேண்டும் என்றால் கையையே கூப்பிடுவதில் தப்பே இல்லை. எனக்குப் பிடித்த வழியும் இதுதான். சுவர் எழுத்து எழுதிப் பழகிய ஆர்ட்டிஸ்டுகள் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் அவர்களைப் பிடிக்க முடியாது, மற்ற நாளில் கிடைப்பார்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே கையில் வருவதால் ஜோடித் தொல்லையே கிடையாது.

தாளில் கறுப்பு மையால் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதை ஸ்கேன் செய்து கணினியில் கோடாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் கலையாத வடிவமாக) மாற்றிக்கொண்டால் பலகைக்கும் பெட்டிக்கும் அதுவே ஆகும். ஆனால் எழுதி வாங்காமல் விடாதீர்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் வெளியாளாக வரைந்து தந்தவர்தான் பொதுவாக அந்த வரைவின் முதல் உரிமையாளர். நீங்கள் காசு கொடுத்தது மட்டும் போதாது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் அரைப்பக்கத் தாளில் நான்கு விஷயம்: எந்த வரைவு (ஒரு நகலைப் பின்னால் இணையுங்கள்), எவ்வளவு தொகை, எத்தனை காலம், எங்கெங்கே. இருவர் கையொப்பம். ஆர்ட்டிஸ்டிடம் இதைச் சட்டம் பேசுவது போலச் சொல்லாமல், “அண்ணா, பின்னாடி உங்க பேரும் இதுல இருக்கட்டும்” என்று சொல்லிக் கேட்டால் சந்தோஷமாகவே போடுவார்கள். தொகையையும் கூச்சப்படாமல் கூட்டிக் கொடுங்கள்.

7. டிசைன் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய கோப்பு

பெரும்பாலான தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஊரில் பல டி.டி.பி. கடைகளில் இன்னும் பழைய கோரல், பேஜ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். தமிழுக்கு ஸ்ரீலிபி, வானவில், பாமினி போன்றவற்றில் தட்டிப் பழகிய கை அது. வேகமாகவும் தட்டுவார்கள். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்தது யூனிகோட் எழுத்துரு, அதாவது இப்போது போனிலும் இணையத்திலும் பயன்படும் பொது முறையில் அமைந்தது. பழைய மென்பொருளில் அதைப் போட்டால் ‘கொ’-வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி பக்கத்தில் விழும். உடனே “உங்க ஃபான்ட் சரியில்லை” என்று தங்களுடையதில் மாற்றி அடித்துவிடுவார்கள்.

இதற்கு ஒரே மருந்து: எழுத்தை எழுத்தாகக் கொடுக்காமல் கோடாக மாற்றிக் கொடுப்பது. அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் வடிவம் மாறாது. கோரலில் கன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் வளைவாக மாறும். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், ஓ. இரண்டும் இல்லாதவர்கள் இன்க்ஸ்கேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், யூனிகோட் தமிழை உடைக்காது. அதில் கன்ட்ரோல், ஷிப்ட், சி. இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் உடைந்து வந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ என்ற கம்போசரைத் தெரிவு செய்ய வேண்டும், சரியாகிவிடும்.

ஃப்ரான்சஸ் மாதிரி ஒரே கோப்பில் எல்லாக் கனமும் அடங்கிய எழுத்துருவைப் பழைய மென்பொருள் திறக்காது. இறக்கிய சிப்புக்குள் ‘ஸ்டாட்டிக்’ என்ற ஃபோல்டரைத் திறந்து தனித்தனிக் கோப்பை எடுங்கள். பெயரில் 9, 72, 144 என்று எண் இருக்கும். பலகைக்கும் தலைப்புக்கும் 144-ஐ எடுங்கள். 9 என்பது பொடி எழுத்துக்கு வரைந்தது, பெரிதாக்கினால் தடித்தனமாகத் தெரியும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கோடாக மாற்றிய பி.டி.எஃப்., மாற்றாத மூலக்கோப்பு, எழுத்துருவின் பெயரும் கனமும் எழுதிய ஒரு குறிப்பு, நிறங்களின் சி.எம்.ஒய்.கே. எண்கள் (அச்சில் நாலு மையும் கலக்கும் அளவு), உரிமக் கோப்பு. எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள். டிசைனருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்பே மூலக்கோப்பை வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கணினி ஃபார்மட் ஆகியிருக்கும்.

அச்சுக்குப் போகும் முன் காகிதத்தில் ஒரு நகல் எடுத்து அதில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். போன் திரையில் பார்த்து ‘ஓகே’ சொல்லாதீர்கள். பலகையின் நீளத்துக்குச் சேர வேண்டும் என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இழுத்தால் செங்குத்துக் கோடெல்லாம் பருத்து, கைச்சாயல் போய்விடும். ‘எழுத்தை இழுக்கக்கூடாது, இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும்’ என்று அந்த நகலிலேயே எழுதிவிடுங்கள்.

8. பலகை: விதி, அளவு, விலை

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948-இன்படி பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும். வேறு மொழியும் போட்டால் தமிழ்தான் மேலே, தமிழ்தான் பெரிது. தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்பது கணக்கு. பார்க்க வருவது தொழிலாளர் துறை. ஆங்கில எழுத்துருவில் மயங்கி அதைப் பெரிதாகவும் தமிழை ஓரமாகவும் போட்டுவிட்டு, பிறகு பலகையையே மாற்றுவது வீண் செலவு. வங்காளமோ இந்தியோ உருதுவோ சேர்ப்பவர்கள் இந்தப் பங்கை முதலிலேயே டிசைனரிடம் சொல்லிவிடுங்கள்.

உயரத்துக்குப் பலகைக்காரர்கள் சொல்லும் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. லாங்கு பஜார் மாதிரி நெருக்கமான தெருவில் இது தாராளம். சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் வண்டியில் போகிறவர் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு மடங்காவது வையுங்கள். தமிழில் சுழி அதிகம் என்பதால் தமிழ் வரியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

விலை மூன்று விதம். ஃப்ளெக்ஸ் சதுர அடிக்கு. சுவர் எழுத்தும் அப்படித்தான், அல்லது மொத்த வேலைக்கு. அக்ரிலிக், எல்.இ.டி. எழுத்துகள் பெரும்பாலும் எழுத்தின் உயரத்தை அங்குலத்தில் அளந்து ஓர் எழுத்துக்கு இவ்வளவு என்று. இந்த மூன்றாவதில்தான் தமிழ்க்காரருக்குச் சிக்கல். ‘பேடா’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. வெட்டுகிறவருக்குக் கொம்பு, ப, ட, கால் என்று நான்கு துண்டு. புள்ளியையும் தனியாக எண்ணுபவர்கள் உண்டு. விலை கேட்கும்போதே பெயரை எழுதிக் காட்டி, “இது எத்தனை எழுத்துன்னு கணக்கு வைப்பீங்க?” என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை விலைச்சீட்டில் எழுத வையுங்கள். ஏ.சி.பி. ஷீட் (எழுத்துக்குப் பின்னால் வரும் அலுமினியத் தகட்டுப் பலகை), இரும்புச் சட்டம், மின் இணைப்பு, ஏற்றும் கூலி, ஜி.எஸ்.டி. இவை சேர்ந்ததா தனியா என்பதும் அதே சீட்டில் வர வேண்டும்.

புள்ளி இன்னொரு விதத்திலும் படுத்தும். அது தனித்துண்டு, ஒட்டும் பரப்பு குறைவு. பசையை மட்டும் நம்பினால் வேலூர் சித்திரை வெயிலில் ஒட்டு விட்டுக் கீழே விழும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் ஆணியாவது வைக்கச் சொல்லுங்கள். செரிஃபின் கூர்முனை மெலிந்திருந்தால் அதற்குள் எல்.இ.டி. உட்காராது, முனை மட்டும் இருட்டாக இருக்கும். எரியும் எழுத்து வேண்டும் என்றால் தடித்த கனத்தை எடுங்கள், அல்லது எழுத்துக்குப் பின்னாலிருந்து ஒளி விழும்படி வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது அழகாகவும் இருக்கும்.

வாடகைக் கட்டடம் என்றால் பலகையின் அளவையும் இடத்தையும் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

9. பெட்டி, பை, பத்திரிகை

துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவர்கள் மெல்லிய கோட்டை மறந்துவிடுங்கள். நெசவின் மேடுபள்ளத்தில் மை பிடிக்காமல் கோடு அறுந்து வரும், அதே சமயம் உள்சுழி மை ஊறி அடைத்துக்கொள்ளும். பைக்கென்று கனம் கூடிய, சுழி திறந்த ஒரு வடிவத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இனிப்புப் பெட்டியில் அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து விட்டாலும் இதே தொல்லைதான், நாலு நிறமும் கலந்த பின்னணி மெல்லிய கோட்டுக்குள் கசியும். பின்னணியை ஒரே நிற மையில் அடிக்கச் சொன்னால் தப்பிக்கலாம்.

பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மட்டும் இந்த எழுத்து. உறவினர் பெயர்ப் பட்டியலுக்கு வேண்டாம். தங்கத்தாள் ஒட்டும் வேலை என்றால் முதலில் ஒரு பிரதி மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

10. எப்போது கொடுப்பது

ஆடியில் கல்யாணம் இல்லாததால் அச்சகங்களில் பேசவும் திருத்தவும் நேரம் கிடைக்கும். ஆவணி முகூர்த்தம் தொடங்கினால் உங்கள் பெட்டி வரிசையில் பின்னுக்குப் போகும். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி வேண்டுமானால் ஆடியிலேயே எழுத்தையும் வடிவத்தையும் முடித்துவிடுங்கள். தைப்பொங்கல், தேர்தல் காலங்களில் ஃப்ளெக்ஸ் கடைகளில் நெருங்கவே முடியாது. வாடிக்கையாளருக்குக் காலண்டர் கொடுக்கும் எண்ணம் இருந்தால், சிவகாசியில் புது ஆண்டின் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கை ஒட்டி வரும். உள்ளூர் ஏஜென்டிடம் அப்போதே சொல்லி, கடைப் பெயரைக் கோடாக மாற்றிய கோப்பாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர்களே ஒரு எழுத்தில் அடித்துவிடுவார்கள், ஆண்டு முழுக்க அது சுவரில் தொங்கும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: முன்பணம், காகித நகல் பார்த்த பிறகு ஒரு பாகம், பலகை ஏறிய பிறகு மீதி. ஏற்றும் நாளில் சாயங்காலம் வரச் சொல்லுங்கள், வெளிச்சத்திலும் இருட்டிலும் இரண்டு தடவையும் பார்க்கலாம். ஏணி இருக்கும்போதே புள்ளிகளைத் தொட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லி, விளக்கைப் போட்டு எல்லா எழுத்தும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.